நம் மகள் போட்ட பிடி அரிசி

இன்று நம் அரிசிக் கடையில், சுவரோரம் அடியில் கிடந்த ஒரு பழைய மூட்டையைப் பிரித்தோம். அடைபட்டுக் கிடந்த புழுங்கல் அரிசியின் வாசனை குப்பென்று வந்தது. விலையைக் குறைத்துத் தள்ளிவிட வேண்டிய சரக்கு என்றுதான் எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. நம் அடுக்களையில் நீ பிடி அரிசி போட்டுவந்த டின்னைத் திறந்தால் இதே வாசனைதான். கல்லாவில் உட்கார்ந்தபடியே உன்னோடு பேச ஆரம்பித்துவிட்டேன். வீட்டில் பேச முடியாது. நம் மகள் ஜெனிக்குக் காது கூர்மை.

உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை அந்த டின்னில் போடுவாய். அது சர்ச்சுக்குப் போகும். அங்கிருந்து, யார் வீட்டில் அடுப்பு எரியவில்லையோ அங்கே போகும். உன் பிறந்த வீட்டுப் பழக்கம். எனக்குச் சர்ச் என்றால் கிறிஸ்துமஸும் கல்யாணமும்தான். உன்னைக் கட்டிக்கொள்ளத்தான் நான் ஞானஸ்நானம் எடுத்தேன் என்று உன் அண்ணன் இன்றைக்கும் சொல்கிறார். பொய்யில்லை.

ஜெனி வந்த பிறகு அந்தப் பிடி அவளுடையதாகிவிட்டது. உன் இடுப்பில் உட்கார்ந்துகொண்டு அள்ளுவாள். பாதி தரையில் கொட்டும். ஸ்தோத்திரம் என்று வாயில் வராது. “தோத்தம் ஏச்சப்பா” என்பாள்.

“இன்னாடி, உங்க ஆண்டவருக்கு தெனம் கமிஷனா?” என்று ஒருநாள் கிண்டல் செய்தேன்.

“மண்டியில மூட்ட தூக்குனவருக்கு எல்லாமே கமிஷனாத்தான் தெரியும்” என்றாய். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, “பானையில இருக்கறது நமக்கு மட்டும் இல்லன்னு மொதல்ல அவ கைக்குத் தெரியட்டும். வாயி அப்பறமா கத்துக்கும்” என்றாய்.

நீ பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது சபையிலிருந்து ஓர் அக்கா வீட்டுக்கு வந்தார். நல்ல மனசு. ஜெனியை மடியில் வைத்து, “கொழந்தைங்க ஜெபத்த ஏசப்பா தட்டவே மாட்டாரு. நீ கேளு கண்ணு, அம்மா வந்துடுவாங்க” என்றார். கேட்டாள். எழுந்ததும் கேட்டாள், தட்டில் சோறு வைத்தாலும் கேட்டாள். நீ வந்தாய். ஆம்புலன்ஸில், வெள்ளைத் துணிக்குள்.

அடக்கம் முடிந்து சில வாரம் இருக்கும். மதியச் சாப்பாட்டுக்கு வந்தேன். அடுக்களையில் ஜெனி. சமையலுக்கு இருந்த அரிசியை எல்லாம் அள்ளி டின்னில் போட்டிருக்கிறாள். அது வழிந்து தரையெல்லாம் அரிசி. நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

“இன்னாம்மா பண்ற?”

“நைனா, கடையிலேந்து ஒரு மூட்ட எடுத்துனு வா.”

“எதுக்கு?”

“பத்தல. என் கை சின்னது இல்ல? அதான் கம்மியா போயிடுச்சி. மூட்டையா குடுத்தா அம்மாவ அனுப்பிடுவாரு.”

என் மகள் அல்லவா. கல்லாவில் என் மடியில் உட்கார்ந்து வியாபாரம் பார்த்தவள். சரக்கு வரவில்லை என்றால் கொடுத்த விலை பத்தவில்லை என்று புரிந்துகொண்டாள். உன் சாவைத் தன் சின்னக் கையின் மேல் போட்டுக்கொண்டு எத்தனை நாளாக அலைந்தாளோ. அவளை நான் எப்படிக் குறை சொல்வது? ஆஸ்பத்திரி வராண்டாவில் நானும் அதே பேரம்தான் பேசினேன். சர்ச்சுக்குப் புதுக் கூரையே போட்டுத் தருகிறேன் என்றேன்.

கெட்ட சேதியை மூடி மூடி வைத்தால் அது அழுகும். வியாபாரத்தில் நான் கற்றது அது. அவள் பக்கத்தில் அரிசி மேலேயே உட்கார்ந்தேன்.

“உங் கை ஒண்ணும் கம்மியில்லம்மா. இது வெல இல்ல. நம்ம கடையவே குடுத்தாலும் அம்மா இங்க வரமாட்டா.”

என் முகத்தையே பார்த்தாள். “அப்ப எதுக்கு கேக்கச் சொன்னாங்க?”

“எனக்குத் தெரியலம்மா.”

“நான் ஏசப்பாகூட டூ.”

“சரி” என்றேன்.

சபையில் விஷயம் தெரிந்து, சின்ன வயசிலேயே திருத்தணும், முழங்கால் போட்டு ஜெபிக்க வையுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். நான் கேட்கவில்லை. இல்லாத ஆளோடு எந்தக் குழந்தையும் டூ விடாது. அந்த அளவுக்காவது நீ போட்டது வீணாகவில்லை என்று நினைத்துக்கொள்கிறேன். ஆனால் பயமாக இருக்கிறது. அவள் ஒருநாள் கோபத்தையும் விட்டுவிட்டுச் சும்மா இருந்துவிட்டால்? நீ கைக்குக் கற்றுக்கொடுத்ததை என் வாய் கெடுத்துவிட்டதா? கேட்க ஆள் இல்லை. எத்தனையோ மூட்டை தூக்கியிருக்கிறேன், எல்லாவற்றுக்கும் இறக்குகிற இடம் தெரியும். இதற்குத் தெரியவில்லை.

இப்போது உலை வைக்கும்போது பிடி அரிசி போடுவது நான். அவள் வாசற்படியில் நின்று பார்ப்பாள், உள்ளே வரமாட்டாள். நேற்று கடைக்கு நேரமாகிவிட்டது. அவசரமாகப் போட்டுவிட்டுத் திரும்பினேன்.

“நைனா, கண்ண மூடல நீ.”

“எப்பிடின்னு வந்து சொல்லிக் குடு.”

“மாட்டேன். நான் டூ. நீ மூடு.”

மூடினேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை. யாராவது கேட்கிறார்களா என்றும் தெரியவில்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டு நிற்பது மட்டும் தெரிந்தது. போதும் என்று அவள் சொல்கிறவரை திறக்கக் கூடாது என்று நின்றேன். அவள் சீக்கிரம் சொல்லவில்லை.