பெரியவன் பறந்தானாம்

மார்ச் 3
இன்றும் வசவுதான். நூலகத்தின் ஐந்தாம் மாடி விளிம்பில் பருந்து கூடு கட்டியதும் கேமரா வைத்தது நான். ஊரே வீட்டிலிருந்தபடி பார்க்கட்டும் என்று ஆசைப்பட்டேன். பார்த்தவர்கள் மூன்று குஞ்சுகளுக்கும் பெரியவன், நடுவன், பொடியன் என்று பெயரும் வைத்தார்கள். அதுவரை சந்தோஷம். இப்போது பொடியனைப் பெரியவன் கொத்துகிறானாம். பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும் நான் கல்நெஞ்சக்காரியாம்!

மார்ச் 5
பறவை டாக்டரிடம் கேட்டேன். “பெரிசு ரெண்டும் சீக்கிரமே பறந்துடும். அப்புறம் எல்லா இரையும் பொடிசுக்குத்தான். அதுவரைக்கும் யாரும் கிட்டப் போகாதீங்க. மனுஷத் தலை தெரிஞ்சாலே பயந்து குதிச்சிடும். இறக்கை இன்னும் தாங்காது.”
அப்படியே நேரலைப் பக்கத்தில் எழுதிப் போட்டேன். முதல் பதில்: “உனக்கு ஒரு பிள்ளை இருந்தா இப்படிப் பாத்துட்டு இருப்பியா?”
எனக்குப் பிள்ளை இல்லை. பற்றிக்கொண்டு வந்தது.

மார்ச் 6
பொடியனைக் காப்பாற்றச் சொல்லிக் கையெழுத்து வாங்குகிறார்களாம். ஆரம்பித்தது யார்? என் கூடப்பிறந்த அக்கா! போனில் கத்தினேன்.
“நீ கேமராவைப் பாக்கறே. நான் அந்தக் குழந்தை முகத்தைப் பாக்கறேன்டி” என்றாள்.

மார்ச் 7
நூலக மேலாளர் ஏணி வண்டிக்குச் சொல்லிவிட்டார். “ஜனங்க கேக்கறாங்கம்மா. நாளைக்குக் காலைல, நேரலையில.” டாக்டர் சொன்னதைச் சொன்னேன். காதில் போட்டுக்கொண்டால்தானே!

மார்ச் 8
எழுதியே ஆகணும்.
ஏணி வண்டியோட வந்த பெயின்டர் ஏறினார். தொப்பி தெரிஞ்சதுதான் தாமதம், பெரியவன் பின்னுக்கு நகர்ந்து விளிம்பைத் தாண்டிட்டான். படத்துல கூடு மட்டும்தான் தெரியும். ஊர் பார்த்தது பொடியனைத் தூக்கின கையை. திரையில கைதட்டற பொம்மையா வந்து குவியுது. “பெரியவனும் பறந்துட்டான், இரட்டைச் சந்தோஷம்!”
பறந்தானாம்!
கீழே சுவரோரம், சைக்கிள்களுக்கு நடுவில் கிடந்தான். தொட்டேன். சூடு இருந்தது, மூச்சு இல்லை.
“பறந்துட்டான்னே இருக்கட்டும்மா. எதுக்கு மத்தவங்க மனசை நோகடிக்கணும்?” என்றார் மேலாளர்.
அவனுக்கு நோகவில்லையா?
கணினிக்கு ஓடினேன். அங்கிருந்தே கேமராவைக் கீழே திருப்பினேன், சுவரோரத்துக்கு. நன்றாகப் பார்க்கட்டும். கைதட்டல் நின்றது.

மார்ச் 9
கேமராவின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டார்கள். பக்கத்தில் இன்னும் ‘பெரியவன் பறந்தான்’ என்றே இருக்கிறது.
பொடியன் டாக்டர் வீட்டுக் கூண்டில் இருக்கிறான். காயம் ஒன்றும் பெரிதில்லையாம். திருப்பிக் கொண்டுபோய் வைக்கலாமா என்றால், மறுபடி ஆளைக் கண்டு நடுவனும் குதிப்பான்.

மார்ச் 10
அக்கா மூன்று தடவை கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

மார்ச் 13
நடுவன் பறந்தான். நிஜமாகவே. தெருவில் நின்று வெறும் கண்ணால் பார்த்தேன்.
திரும்பினால் பக்கத்தில் அக்கா. முகம் வீங்கியிருந்தது.
தாய்ப் பருந்து காலில் இரையோடு வந்து கூட்டில் இறங்கியது. வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தது.
“கூடு காலியாத்தானே இருக்கு? யாருக்குடி கொண்டுவந்திருக்கு?” என்றாள் அக்கா.
“பொடியனுக்கு” என்றேன்.