கருத்தில் பிரிந்தோம், பந்தியில் பிரியவில்லை

நண்பரே,

இன்று ஆராதனை முடிந்து கீழ்மண்டபத்துக்கு இறங்கியபோது இஞ்சிப் பிளேன்ரீயின், அந்தப் பால் விடாத தேநீரின், வாசம் முகத்தில் அடித்தது. நீர் கர்த்தரிடம் போன பிறகு இது இரண்டாவது பனிக்காலம். இந்த ஸ்காபரோ மண்டபத்தில், இதே வாசத்துக்கு நடுவில்தான் நம் சபை உடையப் பார்த்தது.

ஜெசிந்தா நம்மோடு சேர வந்த நேரம் அது. நகரின் மறுகோடியில், பார்க்டேலில் இருந்த காலத்தில், பிரிந்துபோன ஒரு குழுவில் ஞானஸ்நானம் பெற்றவள். அந்தக் குழுவின் போதனை பிழை என்பதில் நம் இருவருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஞானஸ்நானமும் செல்லாது, திரும்ப எடுத்தால்தான் திருவிருந்தில் பங்கு என்றார்கள் பாதிப்பேர்.

"அப்ப இவ்வளவு காலமும் நான் ஆரிட்டைச் செபிச்சனான்?" என்று கேட்டாள் அவள்.

நான் அவள் பக்கம், நீர் எதிர்ப்பக்கம். "நாங்கள் கொஞ்சப்பேர் வெளிக்கிடுறம்" என்று சபையை விட்டுப் போக நான் கூட்டத்தில் எழுந்தேன்.

"ஐசே, இரும். இது எங்கடை சண்டையில்லை, பழைய சண்டை" என்றீர்.

சபை வரலாறு என்றால் உமக்குச் சாப்பாடும் வேண்டாம். மூன்றாம் நூற்றாண்டில் ஆயர்கள் இதே கேள்விக்காக மோதியதைச் சொன்னீர். எது சரியான போதனை என்று அவர்கள்தான் கூடி வாதாடி, ஊர் ஊராகக் கடிதம் எழுதித் தீர்க்கவேண்டியிருந்தது. பிரிந்தவர்கள் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாது என்றார் வட ஆப்பிரிக்க ஆயர் ஒருவர். கைவைத்துச் செபித்துச் சேர்த்தால் போதும் என்றார் ரோமாபுரி ஆயர். இணங்காதவர்களோடு உறவை முறிக்கவும் துணிந்தார்.

"நான் ஆப்பிரிக்க ஆயரின்ரை பக்கம். அந்த மனிசன் தன்ரை கருத்தை விடேல்லை. ஆனா மாறி நினைச்ச ஆயர்மாரைத் தள்ளிவைக்கவும் இல்லை. கடைசியிலை வெண்டது ரோமாபுரிக் கருத்துத்தான். எண்டாலும் நான் படிச்சது தோத்தவரிட்டை" என்றீர்.

பிறகு வாக்கெடுப்பு. மறு ஞானஸ்நானம் வேண்டும் என்றே கை உயர்த்தினீர்; தோற்றீர். அடுத்த திருவிருந்தில் ஜெசிந்தாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அப்பத் தட்டை அவளிடம் நீட்டினீர். "எடும் தங்கச்சி." உம் பக்கத்தார் சிலர் வேறு சபை தேடியபோது, வீடு வீடாகப் போய் அவர்களைத் திருப்பிக் கூட்டிவந்ததும் நீர்தான்.

"மனம் மாறிட்டுதோ?" என்று காரில் கேட்டேன்.

"இல்லை. இண்டைக்கும் அது செல்லாது எண்டுதான் நினைக்கிறன். ஆனா கர்த்தர் என்னை வாசல் காவலுக்கு வைக்கேல்லை."



இப்போது நிர்வாகக் குழுவில் உம் இடத்தில் நான். காலை ஆராதனையை ஆங்கிலத்துக்கு மாற்றும் வாக்கெடுப்பில் போன மாதம் தோற்றேன். அது பிழை என்று இன்னும் சொல்கிறேன். ஆனாலும் ஞாயிறு தவறாமல் போய் முன்வரிசையில் இருக்கிறேன். பிரசங்கம் பாதி விளங்குவதில்லை. வெளிக்கிட மனம் வரவில்லை. அதற்கு நீர்தான் பொறுப்பு.