தெருவில் கேட்ட மன்னிப்பு

பாஸ்டர் ஐயா,

நாளைய பவனிக்குக் குருத்தோலைக் கட்டு வந்து இறங்கிவிட்டது. வாடாமல் இருக்க ஈரச் சாக்கு போர்த்தி வைத்திருந்தார்கள். சாக்கை விலக்கினேன். பச்சை ஓலையின் வாசனை வந்ததும், பட்டாபிராம் தெருவில் வெள்ளை அங்கியோடு நீங்கள் நடந்து வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு நினைவு வந்தது.

எண்பதுகளின் கடைசி. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் தேவராஜ் அப்போது குடியை விடமுடியாமல் கிடந்தார். நானும் மகள் ஸ்டெல்லாவும் ஓலை பிடித்துக்கொண்டு பவனியில் வந்தோம். டீக்கடை அருகே திரும்பும்போது அவர் தள்ளாடிக்கொண்டு குறுக்கே வந்து நின்றார். உங்கள் அங்கியைப் பிடித்தார்.

"எம் பொண்டாட்டிய ரோட்ல இட்டுகினு வந்து பாட வெச்சிகினு கீறியா? நீ யாருய்யா?"

அதற்கு மேலும் ஏதோ அசிங்கமாகச் சொன்னார். உங்கள் கை எழுந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஒரே அறை. அவர் டீக்கடை பெஞ்சில் மோதி விழுந்தார். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. ஸ்டெல்லா "அப்பா" என்று கத்தினாள். பாட்டு நின்றுவிட்டது.

சபையில் எல்லோருக்கும் திருப்திதான். "பாஸ்டர் கையால வாங்கிகினான், இனிமேலாவது திருந்துவான்" என்றார் எங்கள் வீட்டு ஓனரம்மா. நீங்கள் மட்டும் அன்று பிரசங்கத்தைப் பாதியில் முடித்துவிட்டு உட்கார்ந்தீர்கள்.

மறுநாள் காலையில் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். பாயில் படுத்திருந்தவர் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்தீர்கள்.

"தேவராஜ், நேத்து உன்ன அடிச்சது பாவம். என்ன மன்னிச்சிடு."

"நாந்தானே குடிச்சிட்டு வந்தேன். ஊரே அத்தத்தானே பேசுது."

"நீ குடிச்சத நீ ஆண்டவர்கிட்ட பேசிக்கோ. நான் அடிச்சதப் பத்திப் பேச வந்திருக்கேன்."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "எம் பொண்ணு பாத்துகினு இருந்துச்சு ஐயா. நீங்க ஊட்டுக்குள்ள வந்து சொல்லிட்டா ஆச்சா? போயிடுங்க."

நீங்கள் எழுந்து போனீர்கள். நான் போட்ட டீ அடுப்பிலேயே ஆறியது.

வியாழக்கிழமை ஜெபத்துக்கு நான் பாய் விரித்துக்கொண்டிருந்தேன். சபையை நடத்தும் மூப்பர்கள் உங்களைச் சூழ்ந்துகொண்டு நின்றார்கள். "அவன்கிட்ட தனியா சொல்லிட்டீங்க இல்ல, அதோட உட்ருங்க பாஸ்டர். வெளிய சொன்னா நாளைக்கு எவன் நமக்குப் பயப்படுவான்?" என்றார் பெரிய மூப்பர். நீங்கள் கோபப்படவில்லை. "எனக்கு யாரும் பயப்படணும்னு நான் ஊழியத்துக்கு வரல. தெருவுல செஞ்சத தெருவுலதான் சொல்லணும்" என்றீர்கள்.

பெரிய வெள்ளி ஆராதனை முடிந்ததும் சபை முழுவதையும் அந்த டீக்கடை முனைக்கே அழைத்துக்கொண்டு போனீர்கள். வெயில் உச்சியில் நின்றது. கடைக்காரர் ரேடியோவை நிறுத்தினார். என் வீட்டுக்காரர் கையில் டீ கிளாஸோடு ஓரமாக நின்றிருந்தார்.

"தாவீது ராஜாவா இருந்தவரு. அவரு செஞ்ச தப்ப தீர்க்கதரிசி மூஞ்சிக்கு நேரா சொன்னப்போ, பாவம் செஞ்சேன்னு ஒத்துக்கினாரு. நான் ராஜாகூடக் கெடையாது. இந்த எடத்துல ஒரு மனுஷன அடிச்சேன். அது பாவம். கொஞ்ச நாளைக்கு வேற போதகர் வந்து பேசுவாரு. நான் கீழ உக்காந்து கேக்கறேன்."

பிறகு ஸ்டெல்லாவின் எதிரே முழங்காலிட்டீர்கள். "பாப்பா, ஒங்கப்பாவ அடிச்சிட்டேன்மா. தப்பு பண்ணிட்டேன்."

அவள் உங்களையே பார்த்துவிட்டு, "எங்கப்பாவுக்கு ரொம்ப வலிச்சுது" என்றாள்.

"ஆமாம்மா" என்றீர்கள். கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

கிளாஸை பெஞ்சில் வைத்துவிட்டு என் வீட்டுக்காரர்தான் வந்தார். உங்கள் தோளைப் பிடித்துத் தூக்கினார். "எந்திரிங்க ஐயா. ரோடு சுடுது."

அன்றோடு அவர் குடியை விட்டுவிடவில்லை. சில மாதம் தொடாமல் இருந்துவிட்டு, மழைக்காலத்தில் மறுபடியும் குடியில் விழுந்தார். ஆவடி மார்க்கெட் பக்கம் அவரைத் தேடிப் பிடித்து, சைக்கிள் பின்னால் உட்காரவைத்துக் கொண்டுவந்தது நீங்கள்தான். "பேதுரு, ஆண்டவரையே தெரியாதுன்னு சொன்னவரு. அவரு கையிலதானே ஆண்டவரு தன் ஆட்டுமந்தைய ஒப்படைச்சாரு? உனக்கு மட்டும் வழி இல்லாமலா போயிடும், வா" என்று சொல்லிக்கொண்டே மிதித்தீர்களாம். இதை அவர்தான் பிறகு சபை நடுவே எழுந்து நின்று சொன்னார். சொன்னபோது அவர் குடியை விட்டு வெகுநாள் ஆகியிருந்தது. நீங்கள் திரும்பப் பிரசங்க மேடை ஏறியபோது, முன்னைவிட மெதுவாகப் பேசினீர்கள். ஜனங்கள் முன்னைவிட அதிகமாக வந்தார்கள்.

உங்களைக் கல்லறைக்குக் கொண்டுபோன அன்று பெட்டியின் முன்பக்கத்தை அவர் வேறு யாருக்கும் விட்டுத்தரவில்லை.

இப்போது நம் சபையின் பெண்கள் ஐக்கியத்துக்கு நான்தான் தலைவி. போன மாதம் ஜெப நேரத்தில் குழந்தை அழுததென்று முகப்பேரிலிருந்து வரும் இளம் தாய் ஒருத்தியை எல்லோர் முன்பும் கடிந்துவிட்டேன். அவள் அழுதுகொண்டே எழுந்து போனாள். அடுத்த கூட்டத்தில் அவளைப் பக்கத்தில் அழைத்து, அத்தனை பேர் காதிலும் விழும்படி "தப்பு என்னுதும்மா" என்றேன். 'ஆனா நீயும் கொஞ்சம் பாத்துக்கணும்' என்று சேர்த்துக்கொள்ள நாக்கு துடித்தது. சேர்க்கவில்லை. அவள் குழந்தையை என் மடியில் வைத்தாள். ஜெபம் முடியும்வரை அது அழுதுகொண்டேதான் இருந்தது. நான் தட்டிக்கொடுத்துக்கொண்டே ஜெபத்தை நடத்தினேன்.