உப்பேறிய கிணறு

தங்கச்சிமடம்.

சோலையம்மாளுக்கு, நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? இங்கே மண் சோதிக்கும் அதிகாரிக்குக் குழி தோண்டுகிறேன். நேற்று நல்ல தண்ணீர் ஊறியது. மேலும் தோண்டப் போனேன். அதிகாரி தடுத்தார்.

"போதும் பெரியவரே! மழைத்தண்ணி மேல மிதக்குது, அடியில உப்புத்தண்ணி. ஆழமாப் போனா அது ஏறி வந்துரும்."

"எங்க ஊரு கடலாடிப் பக்கமுமாய்யா?"

"அங்கயும் ஒரு காலத்துல கடல்தான்."

நம் மகன் மூக்கையா கிணற்றை ஆழப்படுத்திய கோடையில்தான் தண்ணீர் உப்பானது. அன்று நீ சொன்னது என் காதைவிட்டுப் போகவில்லை: "இந்தச் சிறுக்கி கால் வச்ச நேரம், தண்ணி கரிக்குது." அந்தப் பேச்சில்தான் மருமகள் ராக்கு தாய்வீடு போனாள். கட்டியவனும் தடுக்கவில்லை.

கொஞ்சம் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்துவிடு. தனியாகச் சாப்பிடச் சோறு இறங்கவில்லை. கடிதம் எழுதித் தருகிறவர் அவசரப்படுகிறார்.

மூக்கையாவோடு நீயும் ராக்கு வீட்டுக்குப் போ. அவள் வராவிட்டால் அது அவள் நியாயம். ஆனால் கிணற்றைக் கெடுத்தது நம் கடப்பாரைதான் என்று, அவள் ஊர் கேட்கும்படி, வாசலில் நின்று சொல்லிவிட்டு வா.

குருநாதன்