பாதி ரோட்டில் சிவப்பு

அம்மாவுக்கு வணக்கம். நான் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மழுப்பாமல் எழுது.

போக்குவரத்துப் பொறியியல் படிக்கச் சொல்லி ஆசை காட்ட, நேற்று ஆபீஸில் என்னை ஒரு பள்ளிக்கு அனுப்பினார்கள். மேம்பாலம், மெட்ரோ என்று அளந்துவிட்டேன். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள்.

ஒருத்தி மட்டும் எழுந்தாள். "எங்க ஸ்கூல் வாசல்ல பாதி ரோடு தாண்டுறதுக்குள்ள சிவப்பு விழுந்துடுதே, ஏன்?"

அந்த சிக்னலுக்கு நேரம் வைத்தவளே நான்தான். பெரியவர்கள் நடையை வைத்துப் போட்ட கணக்கு. எல்லோரையும் வாசலுக்குக் கூட்டிப்போய், அவர்கள் நடையில் நடக்கவிட்டு, புதுக் கணக்கை அவர்களையே போடச் சொன்னேன். கொட்டாவி போன இடம் தெரியவில்லை. மேலதிகாரியும் திட்டவில்லை, பயப்படாதே.

"இதுதான் உங்க வேலையா? அப்ப நானும் வரேன்" என்றாள் அவள். கூடவே, "உங்க அம்மா எப்படி கிராஸ் பண்றாங்க?" என்றும் கேட்டுவிட்டாள்.

அதிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக உன் நடையில் நடந்து பார்க்கிறேன். நம் கடைத்தெருவில் சிக்னலே கிடையாதே! மருந்துக்கடைக்குத் தம்பி கையைப் பிடித்துக்கொண்டு போ. அந்தச் சாலையின் அகலத்தை அளந்து அனுப்பச் சொல். எதற்கென்று கேட்க வேண்டாம்.

கீழே ஆபீஸ் வண்டி ஹாரன் அடிக்கிறது. நான் ஓடுகிறேன். நீ ஓடாதே, அம்மா.

உன் மகள்