ஆற்றைக் கடக்கும் ஆள்

ஆடி அமாவாசை, 1996

கடைக்கு வந்த இன்ஜினியர் அண்ணாச்சிக்குப் பிளான் வரைய கம்ப்யூட்டர் வேண்டும். வீட்டில் கேமும் ஓட வேண்டுமாம். "பழைய 486-ஆ, புது பென்டியமா? ரெண்டுலயும் ஓட்டிக் காட்டும் வே," என்றார்.

பிளான் பென்டியத்தில் பறந்தது. கேமுக்கு, செத்துப்போன மச்சான் எழுதியதைப் போட்டேன். ஒருவன் ஆற்றை நீந்திக் கடக்க வேண்டும். பென்டியம் வேகத்தில், நான் கீபோர்டைத் தொடுமுன்பே மூழ்கிவிட்டான். மூன்று தடவையும்.

"பழைய கேம், புதுசுல தறிகெட்டு ஓடுது அண்ணாச்சி," என்று சமாளித்தேன். மச்சானும் தாமிரபரணியில் அப்படித்தான் போனான் என்று சொல்லவில்லை. காலையில்தான் அவன் தம்பி எள்ளும் தண்ணீரும் இறைத்தான்.

அவர் பென்டியத்துக்குச் சொல்லிவிட்டுப் போனதும் 486-இல் அந்தக் கேமைத் தனியாகப் போட்டேன். பைய நீந்தினான். நடு ஆற்றில் கீபோர்டிலிருந்து கையை எடுத்தேன். நின்றான். திரும்பி என்னைப் பார்த்தான்.

மச்சான் அவனுக்கு முதுகு மட்டும்தான் வரைந்திருந்தான்.