சோஜுவுல கலந்த ஹொட்கே கஷாயம்

ஹாரின் அப்பா,

நேத்து ராத்திரி போதை தெளிய சோயா முளை சூப் அடுப்பு மேல இருக்கு, சூடு பண்ணிக் குடிங்க. ஃப்ரிட்ஜ்ல கஷாயத்தைத் தேடாதீங்க. உங்க ஈரலுக்காக ஹொட்கே மரத்துண்டைப் போட்டு, வேர்க்க வேர்க்க நின்னு காய்ச்சினேன். நேத்து நீங்களும் உங்க மேனேஜரும் அதை சோஜு சாராயத்துல கலந்தே தீர்த்துட்டீங்க. "இதுதான் ஈரலைப் பாத்துக்குமே, இன்னொரு பாட்டில் திறக்கலாம் சார்"னு அவருக்கு உங்க உபதேசம் வேற!

மதியம் உங்க அம்மா இன்னொரு மூட்டை மரத்துண்டோட வர்றாங்க. கஷாயம் எங்க போச்சுன்னு நீங்களே சொல்லுங்க.

நான் கடைக்குப் போறேன்.

பி.கு: மிச்சமிருந்த துண்டை ஊறப் போட்டிருக்கேன். நான் வரும்போது உங்க வாயில சோஜு நாத்தம் இல்லேன்னா உங்களுக்குக் காய்ச்சித் தருவேன். நாத்தம் அடிச்சா, காய்ச்சி ஆறவச்சு பூந்தொட்டியில ஊத்துவேன். செடியாவது அதைக் குடிச்சுட்டு சோஜு கேக்காது.